நீல மையில் இட்ட குறிகள்

சென்ற மாதம் தாங்கள் எங்கள் துறைக்கு வந்திருந்தபோது மின்விசிறி ஓடாததற்கு முதலில் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். அதைப் பழுது பார்க்கச் சொல்லி நிர்வாகத்துக்கு ஆறு முறை எழுதிக் கொடுத்தாயிற்று. வாய்மொழித் தேர்வு நடத்த ஹைதராபாத்திலிருந்து வந்தவரை ஏப்ரல் வெயிலில் வியர்க்க வைத்து அனுப்பியது எனக்குச் சங்கடமாக இருந்தது.

கிளம்பும் நேரத்தில் துறை அலமாரியிலிருந்து என் ஆய்வேட்டை எடுத்துப் புரட்டினீர்கள். ஏழாம் வரைபடத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டீர்கள்.

“ஆங்கில ஆசிரியராகப் படிக்கிற அஞ்சு பேரோட பேச்சை எட்டு மாசம் பதிவு பண்ணியிருக்கீங்க. நாலு பேருக்கு நிமிஷத்துக்கு இத்தனை வார்த்தைன்னு கோடு ஏறுது. இந்த நாலாம் நபருக்கு மட்டும் ஏன் இறங்கிக்கிட்டே போய் பூஜ்யத்துல நிக்குது? உடம்பு சரியில்லாத பொண்ணா?”

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. நான் சிரித்து மழுப்பினேன். அந்த ஆய்வேடு ஏற்கப்பட்டு ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. வழிகாட்டி, இரண்டு தேர்வாளர்கள், அதற்குப் பிறகு எத்தனையோ மாணவர்கள் அதைப் புரட்டியிருக்கிறார்கள். ஒருவர் கண்ணிலும் அந்தக் கோடு படவில்லை. உங்கள் கண்ணில் பட்டது. ஒழுங்கான கேள்விக்கு ஒழுங்கான பதில் தர வேண்டும் என்று நினைப்பவன் நான். நீங்கள் தமிழில் கேட்டதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணின் உடம்புக்கு ஒன்றுமில்லை. ‘தனிப்பட்ட காரணங்கள்’ என்று அடிக்குறிப்பில் போட்டிருக்கிறேன். அது பொய்யில்லை. காரணங்கள் தனிப்பட்டவைதான், அவளுடையவை அல்ல, என்னுடையவை.

நான் ஆம்பூர்க்காரன். அப்பா வேலு தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தவர். ஊறிய தோலைக் குழியிலிருந்து இழுத்துப் போடும் வேலை. அவருடைய நகங்கள் வெந்து மஞ்சளாக இருக்கும். எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்பதால், 1966இல் நான் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்த அன்று அவர் ஷாப்பில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அங்கே எங்களுக்கு உரைநடை நடத்தியவர் பேராசிரியர் ஞானசீலன். நல்ல குரல், வெள்ளைச் சட்டை, அழகான உச்சரிப்பு. தினமும் ஒருவனை எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொல்வார். தப்பு வந்தால் டஸ்டரால் மேஜையில் ஒரு தட்டு. வாசிப்பவன் தானே தப்பைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்கு எப்போதாவது ஒரு முறை வந்த வாய்ப்பு எனக்குத் தொடர்ந்து பதினோரு நாட்கள் வந்தது. வகுப்பு சிரிப்பதற்கு நான் வசதியாக இருந்தேன்.

பதினோராம் நாள் அவர் தட்டுவதையும் நிறுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார். “உங்கப்பன் தோல ஊறவெக்கிறான். நீ இங்கிலீஷயும் ஊறவெச்சுக் கொண்டாந்துட்டியா? வாயத் தொறந்தா சுண்ணாம்புக் குழி நாத்தம் வருதுப்பா. ஒக்காரு.”

நாற்பத்திரண்டு பேர் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்டான். நான் உட்கார்ந்தேன். அடுத்த வாரம் முதல் கல்லூரிக்குப் போகவில்லை.

அப்பாவிடம் காரணம் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்பதே சரி, ஏனென்றால் எனக்குப் பேச்சே குறைந்துபோயிருந்தது. அவரோடு ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். மறு வருஷம் அவர் கையில் புண் வந்து சீழ் பிடித்தபோது வேலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வெள்ளைக்கார டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்ததும் அப்பா பெருமையாகத் திரும்பி, “எம்புள்ள காலேஜு படிச்சவன். அவன் சொல்லுவான்” என்றார். நான் வாயைத் திறந்தேன். மேஜையில் டஸ்டர் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு வார்த்தைகூட வரவில்லை. நர்ஸ்தான் அவருக்காகப் பேசினார். பஸ்ஸில் திரும்பும்போது பள்ளிகொண்டா தாண்டியதும் அப்பா, “பரவால்ல உடு” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் என்னைப் படித்தவன் என்று யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்.

எனக்கு ஞானசீலன் மேல் வெறுப்பு இருந்தது. அதற்கு வேறு மரியாதையான பெயர் தேட எனக்கு விருப்பமில்லை.

என் பேச்சு திரும்பி வந்ததற்குக் காரணம் ஆபித் பாஷா, ஷாப் ஆபீசில் கடிதங்கள் டைப் அடித்தவர். மதிய நேரத்தில் என்னைக் கூப்பிட்டு, வெளிநாட்டுக்காரர்களிடமிருந்து வந்த கடிதங்களை உரக்கப் படிக்கச் சொல்வார். நான் எவ்வளவு தப்பாகப் படித்தாலும் ஒரு முறைகூட நிறுத்தியதில்லை. “தப்பாவே பேசு தோஸ்த். பேசுறத மட்டும் நிறுத்தாத. வாங்குறவனுக்கு நம்ம தோல்தான் வோணும், கிராமர் வேணாம்” என்பார். மூன்று வருஷம் அப்படிப் படித்தேன். தனியாகத் தேர்வெழுதி பி.ஏ. முடித்தேன், எம்.ஏ. முடித்தேன். பேச்சைக் குணமாக்குவது எப்படி என்று அப்போதே எனக்குத் தெரியும் என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தெரியாமல் செய்தவன் என்று யாரும் என்னைக் காப்பாற்றப் பார்க்க வேண்டியதில்லை.

1976இல் ஹைதராபாத்தில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான முதுகலை டிப்ளமா படிக்க இடம் கிடைத்தது. பயன்பாட்டு மொழியியல் என்ற பாடத்தை அங்கேதான் முதலில் கேள்விப்பட்டேன். பிழை என்பது கெட்ட பழக்கம் இல்லை, கற்பவன் எங்கே நிற்கிறான் என்று காட்டும் அடையாளம் என்றார்கள். எனக்கு அழுகை வந்தது. ஒரு நாள் வகுப்பில் ஒரு விரிவுரையாளர் போகிற போக்கில் சொன்னார்: வாக்கியத்துக்கு வாக்கியம் குறுக்கிட்டுத் திருத்தினால் மாணவன் கற்றுக்கொள்ள மாட்டான், வாயை மூடிக்கொள்வான். சுற்றி இருந்தவர்கள் அதை எச்சரிக்கையாக எழுதிக்கொண்டார்கள். நான் செய்முறையாக எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அடுத்த வருஷம் வேலூரில் இந்தக் கல்லூரியில் வேலை கிடைத்தது. 1979இல் இங்கேயும் அதே மாதிரி முதுகலை டிப்ளமா தொடங்கினோம். இரண்டாம் வருஷச் சேர்க்கைப் பட்டியலில் ஜெபராணி என்ற பெயரும், தகப்பனார் பெயர் என்ற இடத்தில் ஞானசீலன், ஓய்வு பெற்ற பேராசிரியர் என்றும் இருந்தன. அன்று மாலை நான் நடந்தே வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனதாக ஞாபகம்.

ஜெபராணிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இந்தப் பக்கம் அவளைப் போல ஆங்கிலம் பேசும் பெண்ணை நான் பார்த்ததில்லை. பயமில்லாமல், சிரித்துக்கொண்டே, கையை ஆட்டி ஆட்டிப் பேசுவாள். ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது அவள்தான். அவள் வாசிக்கும்போது அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார் என்று அவளே சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டபோது எனக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. அவருக்கு வயதாகிவிட்டது, வேலையும் முடிந்துவிட்டது. அவரிடமிருந்து எடுக்க வேறு எதுவும் இல்லை.

என் ஆய்வுக்கு ஐந்து மாணவர்களைத் தேர்ந்தெடுத்தேன். வாரம் நான்கு நாட்கள், ஆளுக்கு இருபது நிமிடம். ஸ்பூல் டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து ஏதாவது ஒரு விஷயத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேச வேண்டும். பிறகு சேர்ந்து கேட்போம். மற்ற நான்கு பேரையும் புத்தகங்கள் சொல்கிறபடி நடத்தினேன். பேசி முடிக்கவிட்டு, பாராட்டி, ஒன்றிரண்டு பிழைகளை மட்டும் சொல்லி அனுப்பினேன். அவர்கள் இன்று நல்ல ஆசிரியர்கள். அவர்கள் விஷயத்தில் என் மேல் குறை காண முடியாது.

நான்காவதாக வந்த ஜெபராணியிடம் மட்டும் சொன்னேன். “ஒங்கிட்ட வேற முறை. மத்தவங்க தாங்க மாட்டாங்க, நீ தாங்குவே. தப்பு வந்தா பென்சிலால ஒரு தட்டு தட்டுவேன். எங்க தப்புன்னு நீயே கண்டுபிடிக்கணும்.” அவள் சந்தோஷப்பட்டாள். தனக்கு விசேஷ கவனம் கிடைக்கிறது என்று நினைத்தாள். உண்மையில் கிடைக்கவும் செய்தது.

எனக்கென்று ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். அவள் செய்யும் பிழைக்குச் சிவப்பு மையில் ஒரு குறி. முதல் இரண்டு மாதமும் சிவப்பு மட்டும்தான். ஒரு நாளைக்கு நாலைந்து வரும், அவளும் உடனே திருத்திவிடுவாள். வேகம் நிமிடத்துக்கு நூற்றிப் பதினெட்டு வார்த்தை.

மூன்றாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, சின்ன வயதில் அப்பாவோடு காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போனதைப் பற்றிப் பேசினாள். கரை மேல் நின்று அப்பா அவளைத் தூக்கிக் காட்டினாராம். கடல் என்று நினைத்துக் கையைத் தட்டினாளாம். நல்ல, தெளிவான வாக்கியம், பிழை எதுவும் இல்லை. நான் தட்டினேன்.

அவள் நின்றாள். யோசித்தாள். அதே விஷயத்தை வேறு மாதிரி சொன்னாள். தட்டினேன். மூன்றாவது விதமாகச் சொன்னாள், கொஞ்சம் குழப்பமாக. தட்டினேன். நெற்றியில் வியர்வை வந்தது. நான்காவது முறை, வேறு வழி தெரியாமல், முதலில் சொன்ன அதே வாக்கியத்துக்கே திரும்பி வந்தாள். நான் தலையாட்டினேன். “கரெக்ட். பாத்தியா, ஒனக்கே தெரிஞ்சிருக்கு” என்றேன்.

“தேங்க்யூ சார்” என்றாள்.

அன்று குறிப்பேட்டில் முதல் முறையாக நீல மை. பிழை இல்லாத இடத்தில் தட்டியதற்கு நீலம் என்று வைத்துக்கொண்டேன். அந்த மாதம் நீலம் பதினெட்டு. அடுத்த மாதம் அறுபத்தைந்து. பிறகு எண்ணுவது சிரமமாகிவிட்டது. வேகம் தொண்ணூறு, எழுபது, நாற்பத்தொன்று என்று இறங்கியது. ஆய்வேட்டு அட்டவணையில் சிவப்பைத்தான் பிழையாகக் காட்டியிருக்கிறேன். நீலத்தை எங்கும் சேர்க்கவில்லை.

அவள் ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை என்று கேட்பீர்கள். இங்கேதான் நான் எதிர்பார்க்காத உதவி வந்தது. அவள் தன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள், சார் தட்டிக்கொண்டே இருக்கிறார், எனக்குப் பேசவே பயமாக இருக்கிறது என்று. அடுத்த நாள் வந்து அவள் என்னிடமே சொன்னதை அப்படியே தருகிறேன். “அப்பா உங்கள ரொம்ப மெச்சிக்கிட்டார் சார். இந்தக் காலத்துல யாரு இவ்ளோ சிரத்தையா திருத்துறாங்க, அவர் சொல்றபடி கேளுன்னார். வீட்லயும் பழகணும்னு, சாப்பிடும்போது அவரே பென்சில் வெச்சிக்கிட்டு தட்டுறார்.”

வாழ்நாள் முழுவதும் பாடம் நடத்தியவர்கள் வீட்டில் திருத்துவதுதான் பாசம். அவர் மனப்பூர்வமாகத் தட்டினார். எந்த இடத்தில் பிழை என்று அவருக்கே தெரியாத இடங்களிலும், ஏதோ இருக்கும் என்று நம்பித் தட்டியிருப்பார். சாப்பாட்டு மேஜையில் பேசுவது தமிழில்தானே. அப்படித்தான் அந்தப் பயம் தமிழுக்கும் போனது. அது என் திட்டத்தில் இல்லை. தடுக்கவும் இல்லை.

மார்ச் மாதம் பயிற்சி வகுப்புத் தேர்வு. ஒரு பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அவள் பாடம் நடத்த வேண்டும், நான் பின்பெஞ்சில் உட்கார்ந்து மதிப்பெண் போட வேண்டும். சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகளைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். என் கையில் பென்சில் இருந்தது, மதிப்பெண் போட வேண்டுமே. நான் தட்டவில்லை. தட்டத் தேவைப்படவில்லை. ஒன்பது நிமிடம் நின்றாள். ஒரு குழந்தை எழுந்து, “மிஸ், தண்ணி வேணுமா?” என்று கேட்டது. அவள் சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனாள். வேகம் என்ற இடத்தில் பூஜ்யம் என்று எழுதினேன். தாங்கள் விரல் வைத்த இடம் அதுதான்.

மற்றவை நான் கேள்விப்பட்டவை. ஈஸ்டர் ஆராதனையில் வேதபாடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றவள் மூடிவிட்டு இறங்கிவிட்டாளாம். ஒரு வரன் வந்து, பெண் பேசவில்லை என்று திரும்பிப் போயிற்றாம். பிறகு வீட்டிலும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக் காட்டுவதோடு சரியாம். கேள்விப்பட்டபோதெல்லாம் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

போன நவம்பரில் ஞானசீலன் என்னைத் தேடி வந்தார்.

மழை விட்ட மத்தியானம். துறை அறையில் நான் மட்டும் இருந்தேன். கைத்தடி, பழுப்பேறிய வெள்ளைச் சட்டை. பக்கத்தில் ஜெபராணி, இருபத்தெட்டு வயதில் நாற்பது வயதுக்காரி மாதிரி, கையில் நோட்டு. அவர் எனக்கு நின்றபடியே வணக்கம் சொன்னார். என்னை யாரென்று தெரியவில்லை.

“இவளுக்காக நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியும் சார். எங்க கெட்ட நேரம், இப்டி ஆய்ட்டா. ஆஸ்பத்திரியில எல்லாம் பாத்துட்டாங்க, தொண்டையில ஒண்ணும் இல்லயாம். நீங்க இதையே படிச்சவரு. இவள மறுபடி பேச வெக்க முடியுமா? நான் இருக்கும்போதே ஒரு தடவ இவ கொரலக் கேட்டுட்டா போதும் சார்.”

பத்தொன்பது வருஷம் இதற்காகக் காத்திருந்தேன். அவசரப்படவில்லை. எனக்கும் ஒரு காலத்தில் பேச்சு நின்றுபோயிருந்தது என்று தொடங்கினேன். பதினோரு நாட்களைச் சொன்னேன். டஸ்டரைச் சொன்னேன். அப்பாவின் கைப்புண்ணைச் சொன்னேன். கடைசியில் அந்த வாத்தியார் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல், அதே இழுப்போடு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். வாயத் தொறந்தா சுண்ணாம்புக் குழி நாத்தம் வருதுப்பா, ஒக்காரு.

அவர் கண் கலங்கிவிட்டது. “அடப் பாவமே. ஒரு வாத்தியார் பேசுற பேச்சா சார் இது? எந்தக் காலேஜு?”

“உங்க காலேஜுதான் சார். அறுபத்தாறு, அறுபத்தேழுல.”

“அப்டியா? யாரா இருக்கும்?” என்று கைத்தடியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். தன்னோடு வேலை செய்தவர்களை ஒவ்வொருவராக நினைவுபடுத்திப் பார்த்து, அவன் அப்படிப்பட்டவன் இல்லை, இவன் அப்போது சேரவே இல்லை என்று தள்ளிக்கொண்டே வந்தார். “யாரா இருந்தாலும் சரி, அவன் சார்பா நான் வருத்தப்படுறேன் சார். நீங்க மனசுல வெச்சிக்காதீங்க.”

அந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்தைப் போல ஒரு கோபம் அதற்கு முன் வந்ததில்லை. அவர் முகத்தை அறைந்து சிதைக்க வேண்டும் போலிருந்தது. நான் வாழ்ந்ததெல்லாம் அவருடைய ஒரு வாக்கியத்தை வைத்துத்தான். அவர் அதை அன்று மத்தியானமே மறந்திருக்கிறார்.

ஆனால் ஜெபராணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை, பிறகு அப்பாவை, மறுபடி என்னை. அவளுக்குப் புரிந்துவிட்டது. நோட்டை மடியிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தாள். உதடு அசைந்தது. முதலில் காற்று மட்டும் வந்தது. பிறகு கரகரவென்று, பழுதான டேப் மாதிரி, ஆனால் தெளிவாகச் சொன்னாள்.

“அது எங்கப்பாதான் சார். மன்னிச்சிருங்க.”

நான் பென்சிலால் மேஜையில் ஒரு தட்டு தட்டினேன்.

ஞானசீலன் காதில் மகள் சொன்ன விஷயம் ஏறவே இல்லை, குரல் மட்டும்தான் ஏறியது. “பேசிட்டா சார், பேசிட்டா” என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் தட்டு கேட்டுவிட்டதால், பழைய பழக்கத்தில், அத்தனை பிரியமாக அவள் பக்கம் குனிந்து சொன்னார். “எங்கியோ தப்பு வந்துட்டுதும்மா. பதட்டப்படாத. இன்னொரு தடவ சரியாச் சொல்லு.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு நோட்டிலும் எதுவும் எழுதவில்லை. படியிறங்கும்போது அவர் எனக்கு இரண்டு முறை நன்றி சொன்னார். இந்த ஆறு மாதத்தில் அவள் மறுபடி பேசியதாக நான் கேள்விப்படவில்லை.

கை தானாகத் தட்டிவிட்டது என்று எழுதியிருக்கலாம், தாங்களும் நம்பியிருப்பீர்கள். அப்படியில்லை. அவள் உதடு அசைவதைப் பார்த்ததும் பென்சிலை எடுத்தேன். எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். அவள் சொல்லி முடித்த பிறகு தட்டினேன்.

அவர்கள் போனதும் பீரோவைத் திறந்து அந்தக் குறிப்பேட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு அவள் சொன்னதை எழுதி வைத்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை. நீல மையில்தான் குறியிட்டிருக்கிறேன். பதிவுகள் விஷயத்தில் நான் ஒருநாளும் யாருக்கும் அநியாயம் செய்ததில்லை, தாங்கள் எப்போது வந்தாலும் சரிபார்த்துக்கொள்ளலாம்.